ஃபார்முலா தெரிகிறது, கணக்கு வரவில்லை

கேள்வி: மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வைப்ரேஷன் பாடத்தில் ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனால் படம் கொஞ்சம் மாறினாலும் எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. ஒரு சீனியர், தீர்த்த கணக்குத் தொகுப்பு ஒன்றை வாங்கச் சொல்கிறார். தேர்வுக்கு முந்தைய அவசர வகுப்பும் இருக்கிறதாம். எதற்குப் பணம் கட்டலாம்?

பதில்: இரண்டுக்கும் வேண்டாம். இந்தத் தொகுப்புகளில் பெரும்பாலும் பழைய வினாத்தாள் கணக்குகள்தான் இருக்கும். யாரோ அவசரத்தில் போட்ட விடைகள். ஒரு வரியில் கூட்டல் கழித்தலாகிவிட்டால் அந்தத் தப்பு அடுத்தடுத்த பதிப்புக்கும் அப்படியே போகும். வாங்கச் சொல்லும் சீனியருக்குக் கமிஷன் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் மாட்டிக்கொள்வது ஃபார்முலாவுக்கு முந்தைய இடத்தில். பொருளை மட்டும் தனியே வரையுங்கள். சமநிலையிலிருந்து அதை ஒரு பக்கம் லேசாகத் தள்ளியதாக வைத்துக்கொண்டு, எந்தெந்த விசை எந்தப் பக்கம் வருகிறது என்று அம்பு போடுங்கள். அதன் பிறகுதான் நியூட்டனின் இரண்டாம் விதி.

இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு பொருள், இருபுறமும் ஒரே மாதிரி ஸ்பிரிங். ஒரே கோட்டில் இருக்கிறதே என்று பாதி வகுப்பு சீரீஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக மாட்டியது, என்று எழுதிவிடும். வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள்: இடது ஸ்பிரிங் இழுக்கிறது, வலது ஸ்பிரிங் தள்ளுகிறது, இரண்டுமே பொருளை இடப்பக்கம்தான் கொண்டுபோகின்றன. ஆக இது பேரலல், இரண்டு ஸ்பிரிங்கின் விசையும் கூடும். சீரீஸ் என்று போட்டால் ஸ்டிஃப்னெஸ் (ஸ்பிரிங்கின் விறைப்பு) நாலில் ஒரு பங்காகி, இயல்பு அதிர்வெண் (தள்ளிவிட்டால் தானாக வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) பாதியாக வரும். அம்பு போட்டிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

எடையைப் பற்றி ஒன்று. செங்குத்தாகத் தொங்கும் ஸ்பிரிங்கில், சமநிலையிலிருந்து அளந்தால் எடை சமன்பாட்டிலிருந்து விழுந்துவிடும். இதைப் படித்ததும் எல்லாக் கணக்கிலும் எடையைத் தூக்கிப் போடுகிறார்கள். கூடாது! ஊசலில் பொருளைத் திருப்பிக் கொண்டுவருவதே எடைதான். தலைகீழ் ஊசலைப் பாருங்கள்: கீழே கீல், மேலே எடை, பக்கவாட்டில் தாங்க ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் தண்டை நிமிர்த்தப் பார்க்கும், எடை சாய்க்கப் பார்க்கும். ஆகவே ஸ்பிரிங்கின் பங்கிலிருந்து எடையின் பங்கைக் கழிக்க வேண்டும். கழித்து வருவது பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் ஆடும். கீழே போனால் ஆட்டமே கிடையாது, சாய்ந்துவிடும். அந்த நிலையில் அதிர்வெண் கேட்டால் 'இல்லை' என்பதுதான் விடை. தொகுப்புகளில் இதற்கும் ஓர் எண் போட்டிருப்பார்கள்.

அப்புறம் அலகு. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் 25 ஹெர்ட்ஸ், சுமார் 157 ரேடியன்/வினாடி. மூன்றையும் கலந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் விடை கெடும். விடையைச் சோதிக்க ஒரு வழி உண்டு: எடையால் ஸ்பிரிங் 1 மில்லிமீட்டர் இறங்கினால் அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ், 4 மில்லிமீட்டர் என்றால் 8.

டேம்பிங் (ஆட்டத்தைத் தணிக்கும் விசை) கணக்குகளும் இதே முறைதான், ஓர் அம்பு கூடும், அவ்வளவே.

உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கடைசி வரிக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு, படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத திருத்தும் முறை இது. ஆய்வகத்திலோ அளவீட்டை எடுக்காமலேயே முந்தைய நோட்டிலிருந்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். 1940இல் அமெரிக்காவில் காற்றில் ஆடி விழுந்த டகோமா பாலத்தை இன்னமும் வெறும் ஒத்ததிர்வு (வெளியிலிருந்து வரும் தட்டல் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போய் ஆட்டம் பெருகுவது) என்று சொல்லிக் கடந்துவிடுகிற வகுப்புகளும் உண்டு. சீரான காற்றிலிருந்தே ஆற்றலை உறிஞ்சித் தானாகப் பெருகிய முறுக்கு ஆட்டம் அது.

இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் உங்களுக்கு வராத ஒரு கணக்கை எடுங்கள். விடையைப் பார்க்காமல், எண்ணே போடாமல், படமும் அம்புகளும் சமன்பாடும் மட்டும் எழுதுங்கள். பத்துக் கணக்கு அப்படிப் போட்ட பிறகும் சிக்கினால், எழுதிய படத்தோடு உங்கள் ஆசிரியரிடம் போய் நில்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.