மூன்று மாத்திரைக்கும் இறங்காத ரத்த அழுத்தம்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுகிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 51. நான்கு ஆண்டுகளாக பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிறார். இப்போது டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என மூன்று மருந்துகள். ஆனாலும் 160/100க்குக் கீழே இறங்குவதில்லை. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.2, மற்றவை சரி என்றார்கள். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். பலமாகக் குறட்டை விடுவார். நூல் வாங்க வெளியூர் போகும் நாளில், வழியில் சிறுநீர் முட்டும் என்று காலை மாத்திரையை விட்டுவிடுவார். “இது டென்ஷனால் வந்தது, மாத்திரைக்கு அடங்காது” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மைதானுங்களா, அய்யா?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: டென்ஷன் என்று சொல்லி இதை முடித்துவிட வேண்டாம், அம்மா. காரணத்தைத் தேடுவதற்கான தடயங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளை, அவற்றில் ஒன்று சிறுநீரைப் பெருக்கும் மருந்தாக இருக்க, உடல் தாங்கக்கூடிய முழு அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் அழுத்தம் இறங்காதபோதுதான் அதை மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் என்கிறோம். உங்கள் கணவருக்குக் கொடுத்திருக்கும் மூன்றும் சரியான வகைகளே. ஆனால் டெல்மிசார்டனை 80 மில்லிகிராம் வரையிலும் அம்லோடிபினை 10 மில்லிகிராம் வரையிலும் கொடுக்கலாம். அவர் சாப்பிடுவது அதில் பாதி. அதையும் சில நாட்கள் விட்டுவிடுகிறார். எனவே மருந்து தோற்றுவிட்டது என்று சொல்லும் கட்டத்துக்கு அவர் இன்னும் வரவில்லை. வெளியூர் நாட்களில் மாத்திரையை விடாமல் வேறு நேரத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்து, அந்த 160 உண்மையான அளவுதானா என்று பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்தவுடன், காபி குடித்த கையோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி எடுத்த அளவை வைத்து மருந்தைக் கூட்டுவது சரியல்ல. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அளவு கூடுதலாகவே காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து எழுதி, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். அது 135/85ஐத் தாண்டினால் அழுத்தம் மெய்யாகவே கூடுதல்தான். 24 மணி நேரமும் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது.

முழங்கால் வலி மாத்திரையைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டனும் சிறுநீர் மருந்தும் சாப்பிடுபவருக்கு இவை சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று நம் பக்கத்தில் பயப்படுகிறார்கள்; நான் அஞ்சுவது இந்த வலி மாத்திரைக்குத்தான். இருமலுக்கு அதிமதுரம் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்; அது அழுத்தத்தைக் கூட்டுவதோடு பொட்டாசியத்தையும் குறைக்கும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்துக்கு அடங்காத 12 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வில், உப்பை அதிகமாகச் சாப்பிட்ட வாரத்தைவிட, வெகுவாகக் குறைத்த வாரத்தில் மேல் அளவு சுமார் 23 புள்ளிகள் குறைவாக இருந்தது. இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் உப்புதான்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்த 3.2. பொட்டாசியம் பொதுவாக 3.5க்கு மேல் இருக்க வேண்டும். சிறுநீர் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடும் அதைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் வெறும் 12.5 மில்லிகிராமில், அதுவும் பொட்டாசியத்தைக் கூட்டும் டெல்மிசார்டன் சேர்ந்திருக்கும்போது, இவ்வளவு இறங்கினால் சந்தேகப்படத்தான் வேண்டும். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். அமெரிக்காவின் மிச்சிகனில் ஜெரோம் கான் இந்த நோயை 1955இல் விவரித்தார். நெடுங்காலம் இது அபூர்வம் என்றே கருதப்பட்டது. இப்போதோ, மருந்துக்கு அடங்காதவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது இருப்பதாகத் தெரிகிறது. பொட்டாசியம் சரியாக இருப்பவர்களிடமும் இது இருக்கலாம் என்பதால்தான் பலரிடம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

இதற்கு ஆல்டோஸ்டிரோன், சிறுநீரகம் சுரக்கும் ரெனின் இரண்டையும் காலையில் ரத்தத்தில் பார்த்து விகிதம் கணக்கிடுவார்கள். அதற்கு முன் பொட்டாசியத்தைச் சரிசெய்ய வேண்டும். சாப்பிடும் மருந்துகளும் முடிவை மாற்றும் என்பதால் நாளமில்லாச் சுரப்பி நிபுணரின் ஆலோசனையோடு செய்வதே நல்லது. ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் கோளாறு என்றால் துளை அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிடலாம். சிலர் அதன்பின் மாத்திரையே இல்லாமல் இருக்கிறார்கள். இரு பக்கமும் என்றால் ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை இருக்கிறது. காரணம் எதுவும் அகப்படாதபோதும் நான்காவது மருந்தாகச் சேர்க்க இதுவே ஏற்றது என்று 2015இல் வெளியான பாத்வே–2 ஆய்வு காட்டியது. ஆனால் டெல்மிசார்டனுடன் சேரும்போது பொட்டாசியம் ஏறிவிடக்கூடும்; அடிக்கடி ரத்தம் பார்க்காமல் இதைச் சாப்பிடக் கூடாது.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறி விழிக்கிறாரா என்று ஓர் இரவு கவனியுங்கள். அதுவும் அழுத்தத்தை ஏற்றும் என்பதால், ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை தேவை.

கேள்வி: எனக்கு வயது 27. அழுத்தம் 180/110. இடக்கையில் நாடி சரியாகக் கிடைக்கவில்லை என்றார் மருத்துவர். ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா? அடுத்த ஆண்டு குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம்.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உடனே எடுங்கள். இந்த வயதில் இவ்வளவு அழுத்தம் இருந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். ஒரு கையில் நாடி குறைந்திருப்பது, பெரிய ரத்தக்குழாய்ச் சுவர்கள் வீங்கிச் சுருங்கும் தகாயாசு நோயை நினைவூட்டுகிறது. நம் நாட்டில் இளம்பெண்களுக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்க இது ஒரு முக்கியக் காரணம். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மதகை மேலும் திறக்கச் சொல்வதைப் போல, ரத்தம் போதாத சிறுநீரகம் ரெனினைச் சுரந்து உடல் முழுவதும் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. இரு கைகளிலும் ஒரு காலிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்; கைக்குழாய் சுருங்கியிருந்தால் அந்தக் கையில் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

குழந்தைத் திட்டத்தை மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். டெல்மிசார்டன், எனலாபிரில் வகை மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்பவை. கருத்தரிக்கும் முன்பே லபெட்டலால், நிஃபெடிபின் போன்றவற்றுக்கு மாற்ற வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.