ஓடி ஏறினாலும் நடந்து ஏறினாலும் வேலை ஒன்றுதானா? திறன் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஒரே எடையுள்ள இருவர். ஒருவர் படியில் ஓடி ஏறுகிறார், இன்னொருவர் நிதானமாக நடந்து ஏறுகிறார். ஓடியவர்தானே அதிக வேலை செய்திருக்கிறார்?

பதில்: மூச்சு வாங்குவது என்னவோ அவருக்குத்தான். ஆனால் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்த வேலை இருவருக்கும் சமம். 60 கிலோ உடலை 3 மீட்டர் உயர்த்த 1,764 ஜூல் வேண்டும். 6 நொடியில் ஏறியவரின் சராசரித் திறன் 294 வாட். 18 நொடி எடுத்தவருக்கு 98 வாட். செய்த வேலையை ஆன நேரத்தால் வகுத்தால் திறன், அவ்வளவுதான்.

கேள்வி: ‘மணிக்கு இத்தனை கிலோவாட்’ என்று எழுதலாமா?

பதில்: மின்செலவைச் சொல்வதற்கென்றால் கூடாது. ஒரு வாட் என்றாலே நொடிக்கு ஒரு ஜூல். நேரத்தால் ஏற்கெனவே வகுத்தாயிற்று. ஆற்றல் வேண்டுமானால் நேரத்தால் பெருக்குங்கள். 1 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 1 கிலோவாட்-மணி, அதாவது 36 லட்சம் ஜூல். மின்மீட்டர் எண்ணுவது இதைத்தான். இதே கணக்கை உடம்புக்கும் போடலாம்: நாளைக்கு 2,000 கிலோகலோரி செலவழிப்பவரின் சராசரித் திறன் சுமார் 97 வாட்.

கேள்வி: மேட்டில் ஏறும்போது ஏன் கியரைக் குறைக்கிறோம்? குறைத்தால் எஞ்சினின் திறன் கூடிவிடுமா?

பதில்: கியர் திறனை உண்டாக்காது. திறன் = விசை × வேகம் என்பதை வைத்துப் பாருங்கள். எஞ்சின் தரும் திறனுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குள் விசை கூடவேண்டும் என்றால் வேகம் குறைந்தே ஆகவேண்டும். அந்தப் பண்டமாற்றுதான் கியரின் வேலை.

1,000 கிலோ கார், 10 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும் மேடு. இழுக்க 980 நியூட்டன் விசை தேவை. சக்கரத்துக்கு 20 கிலோவாட் கிடைத்தால் நொடிக்கு 20.4 மீட்டர், மணிக்கு 73 கி.மீ.க்குச் சற்று மேல். மேடு இரு மடங்கு செங்குத்தானால் அதே திறனுக்கு வேகம் பாதி. (காற்றையும் உராய்வையும் ஒதுக்கிவிட்டேன்.)

காற்றைச் சேர்த்தால் கதையே வேறு. சமதளத்தில் விரைந்து போகும்போது காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அதை மீண்டும் வேகத்தால் பெருக்க வேண்டுமே! ஆக, வேகம் இரட்டித்தால் காற்றைத் தள்ளத் தேவையான திறன் 8 மடங்கு. அதே தூரத்தைப் பாதி நேரத்தில் கடப்பதால், அதற்குச் செலவாகும் ஆற்றல் மட்டும் 4 மடங்கோடு நிற்கும். தேர்வில் பலர் கோட்டைவிடும் இடம் இது.

கேள்வி: ஒரு குதிரையால் ஒரு குதிரைத்திறன்தான் முடியுமா?

பதில்: இல்லை. சில நொடிகளுக்குப் பத்தைத் தாண்டியும் தரமுடியும். ஜேம்ஸ் வாட் கணக்கிட்டது, நாள் முழுக்க உழைக்கும் குதிரையை மனத்தில் வைத்து: நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு, இன்றைய அளவில் சுமார் 746 வாட். அதுவும் கொஞ்சம் தாராளமான மதிப்பீடு என்றே சொல்வார்கள்.

கேள்வி: கனமான பெட்டியை அசையாமல் தாங்கி நிற்கிறேன். திறன் சுழியா? கை வலிக்கிறதே, சார்?

பதில்: பெட்டி நகரவில்லை, அதனால் பெட்டிக்கு நீங்கள் தரும் திறன் சுழிதான். வலி தசையின் சொந்தச் செலவு: விசையைத் தக்கவைக்கத் தசைநார்கள் ஓயாமல் வேதியாற்றலைக் கரைக்கின்றன, அது வெப்பமாகப் போகிறது. அதே பெட்டியை மேசைமேல் வைத்தால் மேசைக்கு அந்தச் செலவும் கிடையாது.