ஏசிசிஏ-வும் எழுதட்டும், வரனும் பாருங்கள்

பட்டர்வர்த்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகளுக்கு 23 வயது. கணக்கியல் பட்டம் முடித்து, ஜார்ஜ்டவுனில் தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை. நல்ல இடத்திலிருந்து வரன் வந்திருக்கிறது. அவளோ கணக்காளர்களுக்கான தொழில்முறைத் தேர்வான ஏசிசிஏ முடியும்வரை ஜாதகத்தையே எடுக்கக்கூடாது என்கிறாள். "இப்படியே போனால் முப்பது தாண்டிவிடும், பிள்ளை எப்போது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் படிப்பின்மேல் பழி போடுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஏசிசிஏ-வில் 13 தாள்கள். பொருத்தமான பட்டம் இருந்தால் 9 தாள்கள்வரை விலக்கு உண்டு. மீதி 4. தேர்வு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என வருடத்துக்கு நான்கு முறை நடக்கிறது. தவணைக்கு ஒரு தாள் எழுதி, இடையில் ஒன்றிரண்டு கைவிட்டுப்போனாலும் இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம். தேவைப்படும் 36 மாத அனுபவம், இப்போது பார்க்கும் வேலையிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். இந்தக் கடைசி 4 தாள்களை முடிக்க 7 வருட அவகாசமும் இருக்கிறது. அதனால் நடுவில் கல்யாணம் வந்தால் எல்லாம் பாழ் என்று அவள் பயப்படவும் வேண்டாம்.

அப்படியானால் வயதைத் தள்ளுவது எது? படிப்பு சில வருடம் தள்ளும், உண்மைதான். அதற்குப் பிறகு வருவதுதான் பெரிது: ஒப்பந்த வேலை, பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன், வீட்டு வாடகை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை. மூத்தவளுக்கு முடியட்டும், பொருத்தம் சரியில்லை, இந்த வருடம் துக்கம் என்று நம் வீடுகளே தள்ளிப்போடுவதும் உண்டு. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை!

பினாங்கில் இது புதுக்கதையும் இல்லை. 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தபோது, இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தொழிற்சாலைக்குப் போனார்கள். கையில் சம்பளம் வந்ததும் கல்யாண வயதும் நகர்ந்தது. 1970-ல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள்; 2022-ல் 1.6. உங்கள் மகள் மட்டும் அடம்பிடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள்.

உடம்பின் கணக்கு தனி. கருத்தரிக்கும் வாய்ப்பு முப்பதுகளின் தொடக்கத்திலிருந்து மெல்லக் குறையும், 35-க்குப் பிறகு வேகமாகக் குறையும். 26 வயதுக்கும் 28 வயதுக்கும் நடுவில் பதறும் அளவுக்கு ஒன்றுமில்லை. மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை என்றால் மட்டும் கல்யாணம்வரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலை ஆலோசகனாக நான் அழுத்திச் சொல்வது வேறு. தனியார் துறையில் பேறுகால விடுப்பு 2023 ஜனவரியிலிருந்து 98 நாள். ஆனால் அந்த விடுப்புக்குச் சம்பளம் கிடைக்க வேண்டுமென்றால், பிரசவத்துக்கு முந்தைய 9 மாதங்களில் அதே முதலாளியிடம் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். சம்பளம் கூடுகிறதே என்று கர்ப்பகாலத்தின் பின்பாதியில் கம்பெனி மாறினால் அது கைநழுவிப் போகலாம். நேரம், இடம் மாற்றி வேலை செய்ய எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். தணிக்கை வேலையில் வருடத் தொடக்கத்து மாதங்கள் பிழிந்தெடுக்கும். தாள்களை முடித்த கையோடு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு மாறினால், முதல் பிள்ளைக்கு அந்த வேலை ஓரளவு இடம் கொடுக்கும்.

வரன் விஷயத்துக்கு வருவோம். மறுக்கவும் வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் நகை, மண்டபம் பேசுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தேர்வெழுத ஒப்புக்கொள்கிறார்களா? பிள்ளை பிறந்தால் பகலில் யார் பார்ப்பது: மாமியாரா, நீங்களா, தாஸ்கா என்ற குழந்தைப் பராமரிப்பு மையமா? தாஸ்கா என்றால் அந்தக் கட்டணத்துக்கு வருடம் 3,000 ரிங்கிட்வரை வருமான வரிக் கழிவு உண்டு. கேள்வியை மாப்பிள்ளையிடமே மகள் கேட்டால் இன்னும் நல்லது. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிச்சயதார்த்தத் தேதியைக் குறிக்கமாட்டேன்.

மகளிடம் முதலில் விலக்கு எத்தனை தாளுக்கு என்று உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். விலக்கை உறுதிசெய்யும் கடிதத்தையும் பிடிபிடிஎன் பாக்கிக் கணக்கையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக வாருங்கள். எந்தத் தவணையில் எந்தத் தாள் என்று உட்கார்ந்து எழுதிவிடுவோம்.