ஆணியில் அடிபட்ட ரம்ப பிளேடு: எதைத் தேற்றலாம், எதைக் கழிக்கலாம்?

தென்காசி பக்கம் சின்ன அளவில் மர அறுவை மில் நடத்தும் வாசகர் கேட்டிருக்கிறார்: "படுக்கைவாட்டில் ஓடும் பேண்ட்சா (பட்டை ரம்பம்) மெஷின் வைத்திருக்கிறேன். ஒன்றேகால் அங்குல அகலப் பிளேடு. புளியந்தடிக்குள் ஆணி இருந்து பல் போய்விட்டது. இப்படி அடிபட்ட பிளேடுகள் ஒரு டஜன் சேர்ந்துவிட்டன. சிலவற்றில் பல் இல்லை, சில பலகையை அலையலையாக அறுக்கின்றன, இரண்டில் கீறல் தெரிகிறது. அறுந்துபோன ஒன்றை வெல்டிங் கடையில் ஒட்டி வாங்கினேன். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. எதைச் சரிசெய்யலாம், எதை எடைக்குப் போடலாம்?"

பல்லில் பட்ட அடியைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பட்டையில், அதாவது பல்லைத் தாங்கும் எஃகு நாடாவில், விழுந்த கீறல் அப்படியல்ல. உங்கள் அளவு பிளேடில் கீறல் விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பல்லைப் பார்ப்பதற்கு முன் பட்டையைப் பாருங்கள்.

கீறல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. பிளேடைக் கழுவித் துடைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள குழிகளில் மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் விடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு வெள்ளைச் சாக்குக்கட்டியைத் தேய்த்து, அந்த இடத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து கோடு போட்டுவிடும். இரண்டு மூன்று குழிகளில் கோடு விழுந்தால் அந்தப் பிளேடை எடைக்குப் போடலாம். கண்ணுக்குத் தெரியும் கீறல் ஒன்றுதான் என்றாலும், மற்ற குழிகளும் அதே அளவு உழைத்துக் களைத்தவைதான். பிளேடு புதிதாக இருந்து, ஆணி அடித்த இடத்தில் மட்டும் கீறியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டலாம். வேறு எந்தக் கீறலுக்கும் அந்தச் செலவு தகாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், பட்டை படும் பாடு அப்படி. நான்கு மீட்டர் நீளப் பிளேடு வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்ளுங்கள். வினாடிக்கு ஆறு சுற்றுக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரங்களில் வளைந்து நிமிர்கிறது. கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 45,000 வளைவு. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. குழியின் அடியில் சாணைக்கல் விட்ட கீறோ கூர்மையான மூலையோ இருந்தால் முதல் கீறல் அங்கேதான் பிறக்கும். கீறல் முதுகுப்புறத்தில் இருந்தால் காரணம் வேறு: பிளேடின் முதுகு, அதை வழி விலகாமல் பிடிக்கும் கைடு ரோலரின் விளிம்பில் விடாமல் உரசுகிறது. மெஷின் சும்மா ஓடும்போது இரண்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புதுப் பிளேடு மாட்டினால் அதுவும் அங்கேதான் கீறும்.

சரி, பட்டை நன்றாக இருக்கிறது, பல்தான் போயிருக்கிறது. அங்கங்கே ஒன்றிரண்டு பல் இல்லாமல் போனால் கவலை வேண்டாம், பலகையில் வித்தியாசமே தெரியாது. அடுத்தடுத்து மூன்று பல் போனால்தான் தொல்லை. அந்த இடைவெளிக்கு அடுத்து வரும் பல் நான்கு பல்லின் வேலையைச் சேர்த்து இழுக்கும். சீக்கிரமே அதுவும் உடையும், பிறகு அதற்கு அடுத்தது. அந்த அடுத்த பல்லின் உயரத்தைச் சாணையில் சற்றுக் குறைத்து, இலவம், மா மாதிரி மென்மையான மரத்துக்கு ஒதுக்கிவைக்கலாம். இல்லையென்றால் வெட்டி ஒட்ட வேண்டும்.

அலையலையாக அறுக்கும் பிளேடுகளை மட்டும் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். உங்கள் குவியலில் எளிதாகத் தேறக்கூடியவை அவைதான். பற்களை மேல், கீழ், நேர் என்று வரிசையாகச் சற்று வளைத்து விரித்திருப்பார்கள். ஆணியில் உரசும்போது பெரும்பாலும் மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ விரித்த பற்கள் மட்டும் மழுங்கும். பிளேடு கூராக இருக்கும் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மேலே ஏறினால் கீழ்ப்பக்கப் பற்கள் அடிபட்டிருக்கின்றன, கீழே இறங்கினால் மேல்பக்கம். டயல் கேஜ் (முள் காட்டும் நுண்ணளவுக் கருவி) வைத்து ஒவ்வொரு பல்லாக அளந்து விரிப்பைச் சமப்படுத்துங்கள். கெட்டி மரத்துக்குப் பக்கத்துக்கு 0.45 மில்லிமீட்டர் அளவு போதும், ஈரமான மென்மரத்துக்கு 0.6 வரை போகலாம். இந்த எண்ணைவிட இரண்டு பக்கமும் சமமாக இருப்பதுதான் முக்கியம். பல்லின் நுனி கடினப்படுத்தப்பட்டது. அதைக் குறட்டால் நெளித்தால் ஒடிந்துவிடும், பல் விரிக்கும் செட்டிங் கருவியில் வைத்துத்தான் வளைக்க வேண்டும்.

விரித்து முடித்த பிறகு சாணை. பல் நுனியை மட்டும் தீட்டிவிட்டு நிறுத்துவது நம் பட்டறைகளில் பரவலான பழக்கம், பிளேடுகளைக் கொல்வதும் அதுதான். பல்லின் முகம், குழி, பல்லின் முதுகு மூன்றையும் ஒரே ஓட்டமாக லேசாகச் சீவ வேண்டும். குழியில் துளிர்க்கத் தொடங்கிய நுண்கீறல்கள் அந்தச் சீவலோடு போய்விடும். ஒரே தடவையில் ஆழமாகக் கல்லை அழுத்தாதீர்கள். எஃகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் பதம் கெட்டுவிட்டது என்று பொருள். மெதுவாக இரண்டு சுற்றுப் போவது நல்லது.

அப்புறம் அந்த வெல்டிங். கடைக்காரர் ஆர்க் வெல்டிங் ராடு வைத்து ஒட்டியிருப்பார். கார்பன் அதிகமுள்ள எஃகில் சூடு பட்டுச் சட்டென்று ஆறிய இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கக்கூடியதாகிவிடும், முதல் சில வளைவுகளிலேயே முறியும். இதற்கென்று பட் வெல்டர் இருக்கிறது. இரண்டு நுனியையும் நேருக்கு நேர் வைத்து, மின்சாரம் பாய்ச்சி அழுத்தி ஒட்டும். அதற்குப் பிறகு அந்த இடத்தை மங்கின சிவப்பு வரை சூடாக்கி மெதுவாக ஆறவிட வேண்டும். இந்தப் பதப்படுத்தலைச் செய்யாதவரிடம் கொடுக்காதீர்கள். நுனிகளை வெட்டும்போது ஒன்றைத் திருப்பிப் போட்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்து வெட்டினால், வெட்டு சற்றுக் கோணினாலும் பொருந்திவிடும். மேல், கீழ், நேர் என்ற பல் வரிசை ஒட்டில் தப்பக் கூடாது. ஒட்டின் பிசிறைப் பட்டையோடு சமமாகத் தேய்த்துவிட்டு, சக்கரத்தின் வளைவுக்கு வளைத்துப் பார்த்த பிறகே மெஷினில் மாட்டுங்கள். பிளேடு குட்டையாகியிருக்கும். பிளேடை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் திருகின் வரம்புக்குள் வருகிறதா என்று வெட்டும் முன்பே அளந்துவிடுங்கள்.

செங்கோட்டை மரவாடிகளில் டிராலியோடு ஓடும் பெரிய பேண்ட்சாக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த அகலப் பிளேடுகளில் சிறு கீறலின் முனையில் பஞ்ச் (குழி பதிக்கும் உளி) அடித்து, அது மேலே ஓடாமல் நிறுத்துவார்கள். சுத்தியலும் ரோலரும் கொண்டு பட்டையைச் சமன்செய்வார்கள். அதைப் பார்த்து ஒன்றேகால் அங்குலப் பிளேடில் முயற்சி செய்ய வேண்டாம். பஞ்ச் அடிக்க இடமே இல்லாத பட்டை அது.

புளி என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். பேய் ஓட்டுகிறோம் என்று ஆணி அடித்த புளியமரங்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. சாலையோர மரங்களில் விளம்பரத் தட்டி ஆணி, ரப்பர் மரத்தில் பால் கிண்ணம் தொங்கிய கம்பி. மரம் வளர்ந்து இவற்றை மூடிக்கொள்ளும். துவர்ப்புச் சத்துள்ள மரத்தில் இரும்பு இருந்தால் சுற்றிலும் கருநீலக் கறை படரும். தடியின் வெட்டு முகத்தில் அந்த நிறம் தெரிந்தால் அறுக்காமல் முதலில் தேடுங்கள். கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், உங்கள் மில்லுக்கு அது அவசியம். அப்படியும் ஆணியில் பட்டுவிட்டால் உடனே நிறுத்தி, பிளேடைக் கழற்றிச் சாணைக்கு அனுப்புங்கள். 'இந்தத் தடியை முடித்துவிடுவோம்' என்று மழுங்கிய பிளேடை மரத்துக்குள் தள்ளுவதுதான் பல்லின் அடியைப் பட்டையின் கீறலாக மாற்றுகிறது.

நாள் முடிவில் டென்ஷனைத் தளர்த்தி, பிசினைக் கழுவி, எண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். ஓடும்போது டிக் டிக்கென்று ஒரே சீராகச் சத்தம் கேட்டால் கீறல் ஒன்று கைடைத் தாண்டிப் போகிறது என்று கொண்டு மெஷினை அணையுங்கள். பிளேடு அறுந்தால் சக்கரம் முழுதாக நிற்கும்வரை மூடியைத் திறக்கவே கூடாது. கழிக்கும் பிளேடையும் சுருட்டியபடியே எடைக்கடைக்குக் கொடுக்காமல், கையுறையும் கண்ணாடியும் அணிந்து துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். கட்டு அவிழ்ந்தால் சுருள் விரிந்து முகத்தில் அடிக்கும்.