லைவ் சார்ட் வாங்கும் முன்: வேலூர்ப் பக்கத்து டிரேடர்களின் கேள்விகள்

சத்துவாச்சாரி: சார், புரோக்கர் ஆப்ல வர்ற சார்ட் போதுமா? தனியா டேட்டா ஃபீட் வாங்கணும்னு சொல்றாங்களே.

ஒரு நாளைக்கு நாலைந்து டிரேட், பார்ப்பது நிஃப்டியும் பத்துப் பதினைந்து பங்குகளும் என்றால் புரோக்கர் தருவதே தாராளம். பல புரோக்கர்களின் ஆப்பில் உள்ளே ஓடுவது டிரேடிங்வியூ சார்ட்தான். நூற்றுக்கணக்கான பங்குகளை ஒரே சமயத்தில் ஸ்கேன் செய்பவர்களுக்கும், சொந்த ஃபார்முலாவைப் பழைய நிமிட டேட்டாவில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும்தான் ஆமிபுரோக்கர் மாதிரி மென்பொருள் தேவை. அதை வாங்கினால் சார்ட் மட்டும்தான் கிடைக்கும். ஓடும் விலை வராது. ட்ரூடேட்டா, குளோபல் டேட்டா ஃபீட்ஸ் போன்ற அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஃபீடுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கேஷ் (நேரடிப் பங்கு வர்த்தகம்), எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்), எம்சிஎக்ஸ் (தங்கம், வெள்ளி போன்ற பொருள்களின் சந்தை) ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் இருக்கும்.

கட்டும் முன் மூன்று கேளுங்கள். எத்தனை சிம்பல் (பங்கு அல்லது ஒப்பந்தம்) கிடைக்கும்? ஒரு நிமிட டேட்டா எத்தனை நாளுக்குப் பின்னோக்கிக் கிடைக்கும்? 11 மணிக்கு நெட் போய் 11.20க்கு வந்தால் அந்த இடைவெளி தானாக நிரம்புமா? மூன்றாவதற்கு மழுப்பினால் விட்டுவிடுங்கள். நிரம்பாத இடைவெளி நாள் முழுக்க மூவிங் ஆவரேஜை, அதாவது கடைசிச் சில விலைகளின் சராசரிக் கோட்டை, கெடுக்கும். இன்னொன்று: 64 பிட் ஆமிபுரோக்கருக்கு 64 பிட் பிளகின்தான் (ஃபீடை மென்பொருளோடு இணைப்பது) போட வேண்டும். மாற்றிப் போட்டால் டேட்டா சோர்ஸ் பட்டியலில் அந்த ஃபீடின் பெயரே வராது.

காட்பாடி: ஒரே பங்கு, ஒரே 5 நிமிஷ கேண்டில். ரெண்டு ஆப்ல ஹையும் லோவும் வேற வேற காட்டுது. எது தப்பு?

இரண்டுமே தப்பில்லை. கேண்டில் என்பது அந்த 5 நிமிடத்தின் தொடக்க விலை, உச்சம் (ஹை), அடி (லோ), முடிவு விலை (குளோஸ்) நான்கையும் காட்டும் ஒரு பட்டை. சந்தையில் நடக்கும் ஒவ்வொரு டிரேடும் உங்கள் திரைக்கு வருவதில்லை. புரோக்கர் ஃபீட், இடைவெளி விட்டு எடுத்த ஸ்னாப்ஷாட்களைத்தான் அனுப்புகிறது. இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவே ஒரு விலை குதித்து இறங்கினால் ஒரு ஆப்பில் அது விழும், மற்றதில் விழாது. அதனால் ஹைக்கு 5 பைசா மேலே ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை அந்த விலையோடு நிறுத்தும் ஆர்டர்) வைப்பது வீண் நுணுக்கம்.

டெய்லி குளோஸ் வேறுபடுவது வேறு காரணத்தால். என்எஸ்இ குளோசிங் விலை என்பது கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி, 3.29 கேண்டில் காட்டுவதோ கடைசியாக நடந்த விலை. பிவட் (முந்தைய நாள் ஹை, லோ, குளோஸை வைத்துக் கணக்கிடும் விலைக்கோடு) போடுகிறவர்கள் தங்கள் மென்பொருள் எந்தக் குளோஸை எடுக்கிறது என்று பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரரின் பிவட்டோடு ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குடியாத்தம்: டெலகிராம்ல பை-செல் சிக்னல் சாஃப்ட்வேர் விக்கறாங்க. பழைய சார்ட்ல பாத்தா எல்லா அம்பும் கரெக்டா இருக்குங்க.

எல்லா அம்பும் சரியாக இருப்பதுதான் சந்தேகப்பட வேண்டிய விஷயம். ஜிக்ஜாக் வகை இண்டிகேட்டர், விலை திரும்பி மேலேறிய பிறகுதான் பின்னால் போய் அடியில் அம்பு போடும். சோதிப்பது சுலபம். லைவ் சந்தையில் ஒரு நாள், அம்பு விழும்போதெல்லாம் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மாலையில் அதே சார்ட்டோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஓர் அம்பு இடம் மாறியிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ வாங்காதீர்கள். ஹெய்கின் ஆஷி கேண்டிலில் காட்டினால் இன்னும் எச்சரிக்கை. அதில் தெரியும் விலை கணக்குப் போட்டு வந்தது, அந்த விலைக்கு நீங்கள் வாங்கியிருக்க முடியும் என்று நம்ப முடியாது.

இப்படி விற்பது பெரும்பாலும் கிராக் செய்த மென்பொருள்தான். இன்ஸ்டால் செய்து தருகிறேன் என்று ரிமோட் ஆக்சஸ் கேட்பார்கள். டீமேட் லாகின் இருக்கும் கணினியில் அதைக் கொடுக்கவே கூடாது. எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024இல் சொன்னது. அம்பு அவ்வளவு சரியாக இருந்தால் அதை ஏன் விற்கிறார்கள்?

ஆரணி: ஜரிகைத் தொழிலுங்க. வெள்ளி ரேட் சாயந்திரமும் ஓடற மாதிரி சார்ட் வேணும்.

எம்சிஎக்ஸ் செக்மெண்டைத் தனியாக ஆக்டிவேட் செய்ய வேண்டும். காலை 9 முதல் இரவு 11.30 வரை ஓடும். அமெரிக்கக் குளிர்கால நேரத்தில் 11.55 வரை. மென்பொருளில் செஷன் முடியும் நேரம் 3.30 என்று இருந்தால் மாலை கேண்டில்கள் மறைந்துவிடும், அதை முதலில் மாற்றுங்கள். 30 கிலோ, 5 கிலோ, 1 கிலோ என்று வெள்ளிக் காண்ட்ராக்ட் (ஒப்பந்தம்) உண்டு. எதுவானாலும் விலை ஒரு கிலோவுக்கு, ஜிஎஸ்டி சேராமல். கடையில் கேட்கும் ரேட்டோடு நேராக ஒப்பிடாதீர்கள். அடுத்தடுத்த காண்ட்ராக்டுகளை ஒட்டிக் காட்டும் கண்டினியூயஸ் சார்ட்டில், காண்ட்ராக்ட் மாறும் நாளில் தெரியும் கேப் (விலை இடைவெளி), ஒரு காண்ட்ராக்டிலிருந்து அடுத்ததற்குத் தாவியதால் வருவது.

ராணிப்பேட்டை: 1 மணி நேர சார்ட்ல கடைசி கேண்டில் மட்டும் குட்டியா வருதே?

சந்தை 9.15 முதல் 3.30 வரை, 375 நிமிடம். அறுபதால் வகுத்தால் 15 மிஞ்சும். 75 நிமிடம் வைத்தால் சரியாக 5 கேண்டில்.

வாலாஜா: நிஃப்டில விவாப் வரல சார்.

விவாப் என்பது வால்யூமை (வர்த்தக அளவை) வைத்துப் போடும் சராசரி விலை. நிஃப்டி போன்ற இண்டெக்ஸுக்கு வால்யூம் கிடையாது. நிஃப்டி ஃபியூச்சர் சார்ட்டில் போடுங்கள்.

வேலப்பாடி: கம்ப்யூட்டர், நெட், கரண்டுக்கு என்ன ஏற்பாடு வேணும்?

8 ஜிபி ரேமில் ஓடும், 16 இருந்தால் நிம்மதி. இரண்டு மானிட்டருக்கு கேமிங் கார்டு தேவையில்லை. வைஃபைக்குப் பதில் கேபிள். கத்திரி வெயிலில் மாடி அறை லேப்டாப் சூடேறி வேகம் குறையும், அதையும் யோசியுங்கள்.

பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும், அதாவது சந்தை திறக்கப்போகும் நேரம். அறிவிப்பைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் யுபிஎஸ் மோடில் இல்லையென்றால் மாறும் கணத்தில் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் தனியாக வையுங்கள். தெருவில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கே கரண்ட் போனால் அதுவும் உதவாது. அதனால் வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

மென்பொருளில் வைக்கும் அலர்ட் கணினி அணைந்தால் அணைந்துவிடும். ஸ்டாப்லாஸை எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் ஆர்டராகவே போடுங்கள், புரோக்கருக்கு ஃபோன் செய்து ஆர்டர் போடும் கால் அண்ட் டிரேட் எண்ணைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். பொசிஷன் (முடிக்காத டிரேட்) எதுவும் இல்லாத ஒரு நாள், 11 மணிக்கு மெயினை அணைத்துப் பாருங்கள்: சார்ட் திரும்ப ஓட எத்தனை நிமிடம் ஆகிறது, நடுவில் விட்டுப்போன கேண்டில்கள் வந்து சேர்கின்றனவா என்று.