ஜேமி ஆலிவர்: 37 பென்ஸ் முதல் ஜொல்லாஃப் வரை (கேள்வி பதில்)

பிரிட்டிஷ் டிவி சமையல்காரர் ஜேமி ஆலிவரைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கிழக்கு லண்டனில் ஒரு பள்ளிச் சமையலறையில் 12 வருஷம் வேலை பார்த்தவள் நான். 2005-ல் நாட்டையே உலுக்கிய அவருடைய நிகழ்ச்சி ஓடியபோது அங்கேதான் இருந்தேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, நான் கேட்டரிங் படிக்கிறேன். அவருக்குப் படிப்பே வராது என்கிறார்களே, நிஜமா? 'நேக்கட் செஃப்' என்று ஏன் பெயர் வைத்தார்கள்? (திருச்சி)

எழுத்துகள் மனதில் நிற்காத டிஸ்லெக்ஸியா அவருக்கு உண்டு, தம்பி. 16 வயதில் பள்ளியை விட்டு வந்துவிட்டார். ஆனால் எசெக்ஸ் மாவட்டத்தில் கிளேவரிங் என்ற ஊரில் அப்பா அம்மா பப் நடத்தினார்கள். சின்ன வயசிலேயே அந்த அடுப்படிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பிறகு வெஸ்ட்மின்ஸ்டரில் கேட்டரிங் படிப்பு, அதன்பின் லண்டன் ரிவர் கஃபேயில் வேலை. அங்கே 1997-ல் ஒரு டாக்குமென்டரி எடுக்க வந்தவர்களின் கேமராவில் தற்செயலாக விழுந்தார். 1999-ல் பிபிசியில் சொந்த நிகழ்ச்சி. பெயரில் இருக்கும் 'நேக்கட்' சாப்பாட்டைச் சொல்வது. அலங்காரம் இல்லாத, எளிய சமையல் என்று அர்த்தம்.

அந்த 37 பென்ஸ் கதை என்ன மேடம்? நான் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பதால் கேட்கிறேன். (விருதுநகர்)

நீங்கள் கேட்டதில் ரொம்ப சந்தோஷம். 2005-ல் ஒளிபரப்பான அந்த நிகழ்ச்சிக்காகத் தெற்கு லண்டன் கிரீனிச் பகுதியில் கிட்புரூக் பள்ளிச் சமையலறைக்குள் கேமராவோடு போனார் ஜேமி. ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கான பொருள்களுக்கு அங்கே ஒதுக்கிய தொகை 37 பென்ஸ். அன்றைய மாற்று மதிப்பில் ஏறக்குறைய 30 ரூபாய். நம் ஊர்க் கணக்கில் பரவாயில்லை என்று தோன்றும். லண்டன் விலைவாசியில் அது ஒரு சாக்லேட் வாங்கும் காசு.

அந்தக் காசுக்கு என்ன வரும்? எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் ஃப்ரீசர் வண்டி வரும். அட்டைப் பெட்டியைக் கிழித்து, பிளாஸ்டிக் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டி, ட்ரேயில் கொட்டி, ஓவனுக்குள் தள்ளுவோம். கத்தியும் வெட்டுப்பலகையும் அலமாரியில் கிடக்கும். அந்தப் பெட்டிகளில் அதிகம் பேசப்பட்டது டர்க்கி ட்விஸ்லர். வான்கோழிக் கறியை அரைத்து ஸ்பிரிங் மாதிரி முறுக்கிய தின்பண்டம். அதில் கறி மூன்றில் ஒரு பங்குதான்.

இது ஒரே நாளில் வந்த நிலைமை இல்லை. 1980-ல் வந்த கல்விச் சட்டம் பள்ளிச் சாப்பாட்டுக்கு இருந்த சத்து விதிகளை எடுத்துவிட்டது. பிறகு, யார் குறைந்த விலைக்கு டெண்டர் போடுகிறாரோ அவருக்கே சமையல் ஒப்பந்தம் என்றாகிவிட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து ஒருவர் வந்து சமையலறையில் மாதக்கணக்கில் நின்று, நோரா சாண்ட்ஸ் என்ற தலைமைச் சமையல்காரியிடம் திட்டு வாங்கி, அதை நாட்டுக்கே காட்டினார். 2,71,677 பேர் கையெழுத்திட்ட மனு பிரதமர் பிளேர் வீட்டுக்குப் போனது. அரசு 28 கோடி பவுண்டு தருவதாக அறிவித்தது. தொடக்கப் பள்ளியில் தலைக்குக் குறைந்தது 50 பென்ஸ், மேல்நிலைப் பள்ளியில் 60 பென்ஸ் என்று ஆயிற்று.

ஒரு வருத்தமும் உண்டு. காய்கறி நறுக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். கேரட் மூட்டை வந்தது, எங்களுக்குக் கூடுதல் மணி நேரச் சம்பளம் உடனே வரவில்லை. பல நாள் அரை மணி முன்னதாகவே போய்த் தோல் சீவியிருக்கிறேன்.

வேலி வழியாகப் பிள்ளைகளுக்கு பர்கர் கொடுத்த அம்மாக்களைப் பற்றிப் படித்தேன். பெற்றோரே எதிர்த்தால் எப்படி? (கோவை)

2006, வட இங்கிலாந்தில் ராதரம் பக்கத்தில் ராமார்ஷ் என்ற ஊர். புதுச் சாப்பாடு பிடிக்காத பிள்ளைகளுக்குச் சில அம்மாக்கள் சிப்ஸும் பர்கரும் வாங்கி வேலி வழியே நீட்டினார்கள். பத்திரிகைகள் அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டன. என்னால் அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. மதியம் பட்டினியோடு உட்காரும் பிள்ளையைப் பார்த்த அம்மா வேறென்ன செய்வாள்? இரண்டு வருஷம் கழித்து ஜேமியே அதே ராதரம் போய், ஒருவர் கற்றதை இன்னும் சிலருக்குக் கற்றுத்தரும் சமையல் வகுப்பு தொடங்கினார். அந்த அம்மாக்களில் ஒருவரையும் அழைத்தார். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பலன் உண்டா? (சென்னை)

உண்டு. கிரீனிச் பள்ளிகளைப் பக்கத்துப் பகுதிகளோடு ஒப்பிட்ட பொருளாதார ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ஆங்கிலம், அறிவியல் மதிப்பெண் கூடியிருந்தது. உடம்பு சரியில்லை போன்ற காரணங்களால் எடுக்கும் விடுப்பு 14 சதவீதம் குறைந்திருந்தது.

ஏழைகளைக் கேவலமாகப் பேசினார் என்பது? (சேலம்)

2013-ல், சிக்கனச் சமையல் நிகழ்ச்சி வரும் சமயம் கொடுத்த பேட்டி. சீஸ் போட்ட சிப்ஸைத் தின்றுகொண்டு வீட்டில் பெரிய டிவி வைத்திருக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். இத்தாலியில் சிசிலித் தீவுத் துப்புரவுத் தொழிலாளி கொஞ்சம் சிப்பியும் தக்காளியும் வைத்தே அருமையாகச் சாப்பிடுவார் என்றும் சொன்னார். எனக்கு அன்றைக்கு ரொம்பக் கோபம் வந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து, மீட்டரில் காசு போட்டால்தான் அடுப்பு எரியும் வீட்டில் இருப்பவர்களோடு வேலை பார்த்தவள் நான். சிசிலியில் சிப்பி வாசலுக்கு வரும். எங்கள் தெருவில் இருந்தது சிப்ஸ் கடை.

ஜொல்லாஃப், ஜெர்க், பயேயா... எல்லாவற்றிலும் சண்டை. சாப்பாட்டில் புதுசா முயற்சி பண்ணக் கூடாதா? (பெங்களூரு)

பண்ணலாம். எங்கே வலித்தது என்று பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொல்லாஃப் சோற்றுக்குத் தக்காளி, வெங்காயம், மிளகாய் அரைத்த விழுதுதான் உயிர். அரிசி அதிலேயே வேக வேண்டும். 2014-ல் அவர் கொடுத்த குறிப்பில் கொத்தோடு செர்ரித் தக்காளி, பார்ஸ்லி, எலுமிச்சைத் துண்டு. புளி போடாமல் ஒருவர் வத்தக்குழம்பு வைத்து நமக்கே கற்றுக்கொடுத்தால் எப்படி இருக்கும்? 2016-ல் பயேயா என்ற ஸ்பெயின் நாட்டுச் சோற்றில் சோரிசோ சாசேஜ் போட்டு ஸ்பெயின்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

2018 விஷயம் இன்னும் கனமானது. மைக்ரோவேவில் சூடாக்கும் அரிசிப் பாக்கெட்டுக்கு 'ஜெர்க்' என்று பெயரிட்டு விற்றார். ஜெர்க் என்பது ஆல்ஸ்பைஸும் ஸ்காட்ச் பானெட் மிளகாயும் ஊறிய இறைச்சியைப் புகையில் சுடும் முறை. ஜமைக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி மலையேறிய மரூன் மக்களோடு சேர்ந்த வரலாறு அதற்கு. ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்த எம்.பி. டான் பட்லர் பகிரங்கமாகக் கண்டித்தார். தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்று காட்டவே அந்தப் பெயர் என்றார் ஜேமி. வீட்டில் எப்படி வேண்டுமானாலும் சமைக்கலாம், பெயரை ஒட்டி விற்கும்போது அந்தப் பெயருக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

'எம்பயர்' சிக்கன் என்றுகூட ஒன்று வந்ததாமே? (யாழ்ப்பாணம்)

ஆமாம். மஞ்சள், சீரகம், மல்லி, கரம் மசாலா தடவிய முழுக்கோழிக்குப் 'பேரரசு' என்று பெயர். இன்றைக்கு அந்தப் பெயர் வைக்க மாட்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லிவிட்டார். குறிப்புகளைச் சரிபார்க்க ஆள் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

அங்கிள் ரோஜர் வீடியோ பார்த்தீங்களா? (கோலாலம்பூர்)

பார்த்தேன். சமையல் வீடியோக்களைக் கிண்டலடிக்கும் மலேசிய நகைச்சுவைக்காரர் அவர். ஜேமி எக் ஃப்ரைடு ரைஸில் சில்லி ஜாம் போட்டது தப்புதான்.

அண்ணன் தம்பி சேர்ந்து ஹோட்டல் நடத்துகிறோம். அவ்வளவு புகழ் இருந்தும் அவர் ஹோட்டல்கள் ஏன் மூடின? (ஈரோடு)

2008-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கடையாகத் தொடங்கியது 'ஜேமிஸ் இட்டாலியன்'. சில வருஷங்களில் நாற்பதைத் தாண்டியது. பெரிய கட்டடம், பெரிய வாடகை, உள்ளாட்சி வரி. அதே தெருவில் அதே பாஸ்தா விற்கும் இன்னும் நாலு கடை. ருசி கிளைக்குக் கிளை மாறியது. 2017-ல் சுமார் 1.3 கோடி பவுண்டு கைக்காசு போட்டார். 2018-ல் 12 கடைகளை மூடினார். 2019 மே மாதம் மொத்தமாக விழுந்தது. அவருடைய குழுமத்தின் 25 உணவகங்களில் 22 உடனே மூடின, ஆயிரம் பேருக்கு வேலை போனது. காய்கறியும் கறியும் கடனுக்குக் கொடுத்த சின்ன வியாபாரிகளுக்குப் பணம் வரவில்லை. இந்தக் கடைசி வரியை யாரும் அதிகம் பேசவில்லை. நீங்கள் ஹோட்டல் நடத்துவதால் சொல்கிறேன், அதுதான் பெரிய பாவம்.

சர்க்கரை வரி அவரால் வந்ததா? (தஞ்சாவூர்)

அவரால் மட்டும் இல்லை, மருத்துவர்கள் பல வருஷம் போராடினார்கள். அவர் 2015-ல் தன் உணவகங்களில் இனிப்புப் பானத்துக்கு 10 பென்ஸ் கூடுதலாக வாங்கிக் காட்டினார். 2018 ஏப்ரலில் நாடு முழுக்க வரி வந்தது: 100 மில்லியில் 5 கிராம் சர்க்கரை என்றால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ். வரிக்குப் பயந்து பல கம்பெனிகள் சர்க்கரையையே குறைத்துவிட்டன.

2024-ல் அவர் எழுதிய புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்களே? (சிட்னி)

சிறுவர்களுக்கான கற்பனைக் கதை. ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்துப் பழங்குடிச் சிறுமி ஒருத்தி கடத்தப்படுவதாக ஒரு பகுதி. பெற்றோரிடமிருந்து பழங்குடிப் பிள்ளைகளை அரசே பறித்த நாட்டில் அது ஆறாத ரணம். போதாததற்கு, அந்தச் சிறுமி பேசுவது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கமிலராய் மக்களின் மொழிச் சொற்கள். மதுரைப் பெண்ணை மராத்தி பேச வைத்த மாதிரி. அந்த மக்களில் ஒருவரிடமும் பதிப்பகம் கலந்து பேசவில்லை. மன்னிப்புக் கேட்டுப் புத்தகத்தை விலக்கிக்கொண்டார்கள். கிட்புரூக்கில் மாதக்கணக்கில் நின்று கேட்டவரின் புத்தகத்துக்கு, அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

இத்தனைக்கும் பிறகு அவர் குறிப்பு எதையாவது வீட்டில் செய்கிறீர்களா அக்கா? (நாகர்கோவில்)

பால் கோழி. முழுக்கோழியை வெண்ணெயில் சிவக்கப் பொரித்து, கொழுப்பை வடித்துவிட்டு, அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பால், பட்டை, சேஜ் என்ற வாசனை இலை, தோலோடு பத்துப் பல் பூண்டு, இரண்டு எலுமிச்சையின் மேல்தோல் சேர்த்து ஓவனில் ஒன்றரை மணி நேரம், 190 டிகிரி. பால் திரைந்து போகும், பயப்படாதீர்கள். அந்தத் திரைசல்தான் குழம்பு. சேஜ் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பூண்டைக் குறைக்காதீர்கள்.