நடப்பவருக்கு உரிய தெரு: வாசகர் கேள்வி – பதில்

தெருக்கள், நடைபாதைகள், பொது இடங்கள் குறித்துப் புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: கடற்கரைச் சாலையில் மாலையில் நடக்கும்போது கிடைக்கும் நிம்மதி எங்கள் தெருவில் ஏன் கிடைப்பதில்லை? எங்களுக்கும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஆனாலும் என் மாமியார் தார்ச்சாலையில்தான் நடக்கிறார். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: உங்கள் மாமியார் மீது எந்தப் பிழையும் இல்லை, அம்மா. முழங்கால் வலியுள்ள ஒருவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, மறுபடியும் ஏறி, நடுவே நிற்கும் மின்கம்பத்தைச் சுற்றிச் செல்வதைவிடச் சமமான தரையில் நடப்பதையே விரும்புவார். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வண்டிகள் நிறுத்தப்படுகின்றன என்பது அங்குள்ள நிம்மதிக்கு ஒரு காரணம். மற்றொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: ஒரு பக்கம் முழுவதும் கடல் என்பதால், அந்தப் பக்கத்தில் வீட்டு வாசல்களும் குறுக்குத் தெருக்களும் நடையைத் துண்டிப்பதில்லை. நடைபாதையின் பெரும் பயன் அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. வண்ணக் கற்களும் அலங்கார விளக்குகளும் அதற்குப் பின்னர்தான்.

சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-இல் வெளியிட்ட 103 என்ற எண் கொண்ட வழிகாட்டி, குடியிருப்புத் தெருக்களில்கூடத் தடையில்லாத நடை அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், நடைபாதை விளிம்பில் பதிக்கும் ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. இந்த 1.8 மீட்டர் என்பது கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், விளம்பரப் பலகை ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்ச வேண்டிய அகலம். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் விலகிச் செல்லப் போதுமானது. நம் ஊர்களிலோ நடைபாதை பெரும்பாலும் மழைநீர் வடிகாலுக்கு மேல்மூடியாகவே கட்டப்படுகிறது. வடிகால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் நடைபாதை நிற்கிறது. தூர்வாரத் தூக்கிய சிமென்ட் பலகை திரும்பப் பொருத்தப்படாவிட்டால் அங்கே குழி வாய் திறக்கிறது. வடிகாலும் நடைபாதையும் ஒரே வேலையாகத் திட்டமிடப்படாத வரை இந்தத் துன்பம் தீராது.

வீட்டு வாசல்களில் நடைபாதை தன் மட்டத்திலேயே தொடர வேண்டும். வண்டிதான் ஓரத்தில் உள்ள சிறு சரிவில் ஏறி அதைக் கடந்து உள்ளே போக வேண்டும். குறுக்குத் தெரு முனையிலும் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால், நடப்பவர் இறங்க வேண்டியதில்லை, வண்டியோட்டியும் தானாகவே வேகத்தைக் குறைப்பார். வேகம் குறைவது சிறிய விஷயமன்று: சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது, நடப்பவரும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை.

கேள்வி: நேரு வீதியை நடப்பவர்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்கிறார்கள். வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் வாடிக்கையாளர் எப்படி வருவார்? எங்கள் பிழைப்பு என்னாவது?
– துணிக்கடை உரிமையாளர், புதுச்சேரி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அதைப் புறந்தள்ளிவிட்டுப் போடப்படும் எந்தத் திட்டமும் நிலைக்காது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு கார் நிற்கச் சுமார் 12 சதுர மீட்டர் தேவை. அது நாள் முழுவதும் அங்கேயே நின்றால் அந்த இடத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு குடும்பத்தின் வருகை மட்டுமே. உங்கள் கடை வாசலில் காலை முதல் இரவு வரை நிற்கும் வண்டிகளில் எத்தனை வாடிக்கையாளருடையவை, எத்தனை கடைக்காரர்களுடையவும் ஊழியர்களுடையவும் என்று ஒரு வாரம் குறித்து வைத்தால் உங்களுக்கே ஒரு தெளிவு பிறக்கும். உங்கள் கடைக்கு வெகு அருகில், காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்கு வருபவர்கள் நடந்துகொண்டேதான் பொருள் வாங்குகிறார்கள்.

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடப்பவர்களுக்கான அகன்ற வளாகம் திறக்கப்பட்டது. அங்கே சாலையை முழுவதும் மூடாமல், வண்டிப் பாதையைக் குறுக்கி நடைபாதையை விரித்தார்கள். நேரு வீதிக்கும் முதலில் அந்த வழியே பொருந்தும் என்பது என் கருத்து. சரக்கு இறக்க அதிகாலை நேரத்தை ஒதுக்க வேண்டும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் செல்லும் அகலம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். கடைவீதியின் எல்லையோரத்தில் கட்டண வாகன நிறுத்தமும் அங்கிருந்து சிற்றுந்தும் வேண்டும். இவை இல்லாமல் தடுப்பு மட்டும் வைத்தால், நெரிசல் பக்கத்துத் தெருக்களில் குடியிருப்பவர்களின் வாசலுக்கு இடம் மாறும், அவ்வளவே.

கேள்வி: நடைபாதையை அடைத்துக்கொண்டிருப்பவர்கள் தள்ளுவண்டிக்காரர்களும் பூக்காரர்களும்தானே? முதலில் அவர்களை அகற்றினால் என்ன?
– கல்லூரி மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தம்பி, அகற்றுவதைச் சட்டமே அனுமதிக்கவில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஊரிலுள்ள வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கி முடிக்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. எங்கே விற்கலாம் என்பதை வகுப்பதில் கருத்துச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும்.

சட்டத்தை ஒரு புறம் வைத்தாலும், இரவு ஒன்பது மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு, விளக்கு வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பழக்காரம்மா இருப்பது பெரிய துணை. அவர்கள் இல்லாத தெரு வெறிச்சோடிப் போகும். கடைச் சுவரை ஒட்டி நடையை முழுவதுமாக விட்டுவிட்டு, சாலையோரமாக மரம், கம்பம், இருக்கை இவற்றின் வரிசையிலேயே வியாபாரிகளுக்கும் அளவிட்ட இடம் ஒதுக்கினால் இரு தரப்பும் நிம்மதியாக இருக்கலாம். நடைபாதையில் ஏறி நிற்கும் இருசக்கர வாகனங்கள் எடுத்துக்கொள்ளும் இடத்தையும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

கேள்வி: தானே புயலில் எங்கள் தெருவின் மரங்கள் விழுந்தன. மறுபடியும் வைப்பது வீண் வேலை என்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம்

பதில்: வீணில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த அந்தப் புயலில் இந்தக் கடற்கரை இழந்த மரங்கள் ஏராளம் என்பது உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் நிழலற்ற நடைபாதை யாருக்கும் பயன்படாது. கடற்காற்றையும் உப்பையும் தாங்கும் பூவரசையும் புங்கனையும் வையுங்கள். எளிதில் கிளை முறியும் குல்மொஹரைத் தெருவோரத்தில் தவிர்த்துவிடுங்கள். அடிமரம் வரை சிமென்ட் பூசிவிட்டால் வேருக்கு நீரும் இல்லை, பிடிப்பும் இல்லை. குறைந்தது ஒரு மீட்டர் சதுரமாவது மண்ணாகவே இருக்கட்டும்.

கேள்வி: வில்லியனூர்ப் பக்கம் சிறிய மனைப்பிரிவு ஒன்றை வடிவமைக்கிறேன். நடப்பவர்களுக்கு இணக்கமான குடியிருப்புக்கு முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
– இளம் கட்டடக் கலைஞர், புதுச்சேரி

பதில்: இக்கேள்வி எனக்கு மிகவும் மகிழ்ச்சி தருகிறது, ஏனெனில் இதற்கான விடையின் பெரும்பகுதி உங்கள் ஊரிலேயே கட்டி நிற்கிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வைசியாள் வீதிக்கு, அதாவது கல்வே சுப்பராய செட்டி வீதிக்கு, ஒரு மாலை சென்று வாருங்கள். வீட்டுச் சுவரை ஒட்டித் திண்ணை. அதற்கும் வெளியே, தெருவை நோக்கி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பாகத் தாழ்வாரம். வீட்டுக்காரர் தம் செலவில் கட்டிய அந்த நிழல் வழிப்போக்கருக்கும் உரியதாக இருந்தது. பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு மற்றவர்களுடன் சேர்ந்து அந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

அந்தத் தாழ்வாரத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஏழடி மதில் எழுப்பி இரும்புக் கதவு போட்ட வீடுகள் இருபுறமும் நின்றால், தெருவைப் பார்க்கும் கண்கள் இல்லாமல் போகின்றன. மதிலைத் தாழ்த்தி, வாசலில் உட்கார ஓர் இடம் வைத்து, தெருவைப் பார்த்துச் சன்னல் வையுங்கள். மனைப்பிரிவை முட்டுச் சந்துகளால் நிரப்பாதீர்கள்: பேருந்து நிறுத்தம் 200 மீட்டர் தொலைவில் இருந்தும் சுற்று வழியாக ஒரு கிலோமீட்டர் போக நேர்ந்தால், எல்லோரும் வண்டியைத்தான் எடுப்பார்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக அமைந்த பழைய புதுச்சேரியின் தெருக்களில் எந்த மூலைக்கும் பல வழிகள் இருப்பதால்தான் அங்கே நடப்பது இன்றும் எளிதாக இருக்கிறது. மளிகைக்கடைக்கும் பால்வாடிக்கும் மனைகளின் நடுவிலேயே இடம் விடுங்கள்.

தண்ணீரையும் மறவாதீர்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மனையிலுள்ள பழைய வாய்க்காலை மூடி மனையாக்கிவிடாமல், அதன் கரையையே நடைவழியாக்கிப் பூவரசு நட்டுவிட்டால், அந்த நிலம் இரண்டு வேலைகளைச் செய்யும்.

கேள்வி: இவற்றையெல்லாம் யாரிடம் கேட்பது?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: கடலூர் 2021-இல் மாநகராட்சியானது, 2022 முதல் உங்களுக்கு வார்டு உறுப்பினர் இருக்கிறார். அவரிடமும் ஆணையரிடமும் எழுத்தில் கொடுங்கள். 2006-க்குப் பின் நீண்ட காலமாக உள்ளாட்சித் தேர்தல் நடக்காத புதுச்சேரியின் வாசகர்கள், நகராட்சி ஆணையருக்கும் பொதுப்பணித் துறைக்கும் தனித்தனியே எழுத வேண்டியிருக்கும். தடையற்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருப்பதை மனுவில் குறிப்பிடுங்கள். பொதுவாக "நடைபாதை சரியில்லை" என்று எழுதாமல், எந்த வாசல் முதல் எந்த முனை வரை, தடையற்ற அகலம் எவ்வளவு, ஓரக்கல் உயரம் எவ்வளவு, எத்தனை பலகைகள் காணவில்லை என்று அளந்து, புகைப்படத்துடன் இணையுங்கள். நகல் ஒன்றை ஒப்புகைச் சீட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.